இரண்டு தட்டினால் ரைட்

துலுக்காணம் வாயை மூடி பொழிச்சலூரில் யாரும் பார்த்ததில்லை. அதை அவர் குற்றம் என்றும் சொல்ல முடியாது. தாம்பரத்துக்கும் பாரிமுனைக்கும் நடுவே முப்பது வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் கண்டக்டராக ஓடிய மனிதர். "உள்ள போ, உள்ள போ, நடுவுல கபடியே ஆடலாம், அவ்ளோ எடம் கீது" என்று கத்திக் கத்திப் பழகிய தொண்டை, ஓய்வு பெறு என்று ஆர்டர் கொடுத்தால் பெற்றுவிடுமா? கீரை விற்கும் அம்மா, கேஸ் சிலிண்டர் போடுகிறவர், டி.வி.யில் செய்தி வாசிக்கும் பெண் என்று எல்லோருக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது.

அவர் மனைவி சரளா வாசல் அறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். அளவு கொடுக்க வந்த பெண்கள் உட்கார்ந்திருக்கும்போதே உள்ளே இருந்து அவர் குரல் வந்துகொண்டே இருக்கும். "யோவ், கொஞ்ச நேரம் அந்த வாயை மூடிக்கினு தான் இரேன்யா. தையலு மொத்தம் கோணலா போவுது" என்று இவளும் கத்துவாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவர் பேச்சும் இவள் அதட்டலும்தான் அங்கே சந்தடி. அது இரண்டு பேருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

வேலை விட்டு நின்ற ஆண்பிள்ளையை வீட்டில் வைத்துச் சமாளிப்பது பெரிய பேஜார். அதனால் பம்மலில் தோத்தாத்ரி சார் வீட்டு மொட்டை மாடியில் சத்சங்கம் நடக்கிறது என்று கேள்விப்பட்டபோது சரளாவே அவரைத் தள்ளிவிடாத குறையாக அனுப்பிவைத்தாள். தோத்தாத்ரி பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். ஜெர்மனியில் காட்டு நடுவே ஆசிரமம் வைத்திருக்கும் ஒரு சுவாமிஜிக்கு இங்கே அவர்தான் ஆள். கிருத்திகைக்குக் கிருத்திகை குன்றத்தூர் மலையடிவாரத்தில் அவர்கள் அன்னதானம் போடுவார்கள். அங்கே துலுக்காணம் அண்டாவில் சாம்பார் கிண்டக் கற்றுக்கொண்டார். ஒரு தடவை இந்தியா வந்த சுவாமிஜி அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, "நீங்க எங்க ஆசிரமத்துக்கு வந்து சேவை பண்ணக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார். டிக்கெட்டும் அவர்களே எடுத்தார்கள்.

"மூணு மாசம் தான்மே. பொத்துனாப்ல போயிட்டு வந்துருவேன்" என்றார் துலுக்காணம்.

"போய்யா. எனக்கும் காது கொஞ்சம் ஆறட்டும்" என்றாள் சரளா. அப்படிச் சொன்னவள்தான் விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

போன புதிதில் தினமும் வீடியோ காலில் வருவார். தலையில் கம்பளிக் குல்லா, உள்ளே பேன்ட்டு, அதற்கு மேல் வேட்டி. பார்த்தாலே சிரிப்பு வரும்.

"இன்னா குளுருமே! அஞ்சு மணிக்கே மணி அட்சிடறாங்க. எய்ந்து குளிச்சி தியானம். நான் கண்ண மூடுனா தூங்கிடறேன், அத்த ஆரும் கண்டுக்கறதில்ல. அப்பால காய் நறுக்கணும். என் பக்கத்துல ஒரு ஜட்ஜு கீறாரு. மெய்யாலுமே கோர்ட்டு ஜட்ஜு. உருளைக்கெயங்கு தோலு சீவிக்கினு குந்திக்கினு கீறாரு. பல் டாக்டர் ஒர்த்தன் கக்கூஸ் கய்வறான். இன்னா ஊருமே இது!"

"நீ இன்னா பண்றே?"

"சாம்பாரு நம்ப தான். அண்டா கய்வறதும் நம்ப தான்."

சரளாவுக்குச் சுருக்கென்றது. "இங்க தின்ன தட்ட ஒரு நாளு எட்த்துப் போட்டு கீறியாய்யா நீ? அங்க போயி அண்டா கய்வறியா?"

"அது வூடு. இது சேவைமே" என்றார் அந்த மகானுபாவர். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டாள். மறுநாள் அதே நேரத்துக்கு அதே போன் மணிக்காகக் காத்திருந்தவளும் அவள்தான்.

சாப்பாட்டு வரிசையை அவர் பஸ்ஸாகவே மாற்றிவிட்டாராம். வாளியும் கையுமாக நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று தமிழிலேயே சத்தம் போட, வெள்ளைக்காரர்களும் அதைக் கற்றுக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்து "உல்ல போங்கா" என்கிறார்களாம். அவரோடு அண்டா கழுவும் ஒரு வெள்ளைக்காரப் பெண் அவரை "அப்பா" என்கிறதாம். மூன்று மாசம் ஆறு மாசமாக நீண்டது. எப்போது வருகிறாய் என்று கேட்டால், ஆப்பிள் பறிக்க வேண்டும், பெரிய பூஜை இருக்கிறது, சாம்பாருக்கு வேறு ஆள் இல்லை என்று ஏதாவது ஒன்று சொல்வார். அங்கே எல்லோருக்கும் அவர் தேவைப்பட்டார். ரிட்டயர் ஆன மனிதருக்கு அது எவ்வளவு பெரிய மருந்து என்று சரளாவுக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததனால்தான் அதட்டி வரவழைக்க முடியவில்லை.

ஒரு நாள் அந்தச் செய்தியைச் சொன்னார். "சரளா, நான் மவுன விரதம் எடுக்கப் போறேன். ஒரு மண்டலம். முடிச்சிட்டு நேரா வூட்டுக்கு தான்."

அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுப் பரிதா எட்டிப் பார்த்தாள். "நீயா? மவுனமா?"

"நீ தானே வாய மூடு, வாய மூடுன்னு காலம் பூரா கேட்டுக்கினு இருந்தே? இப்ப மூடிக் காட்றேன்."

அந்த ஆசிரமத்து வழக்கம் இப்படி: விரதம் எடுத்தவர் கழுத்தில் ஒரு மர வில்லை தொங்கும். அதைப் பார்த்துவிட்டால் ஒருவரும் அவரிடம் பேசக் கூடாது, கேட்கக் கூடாது, தொடக் கூடாது. வழியில் கண்டால் கைகூப்பிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். விரதக்காரரின் போன் ஆபீஸ் பீரோவுக்குப் போய்விடும். வேலை மட்டும் உண்டு.

"அப்ப நீ நல்லா கீறியா இல்லியான்னு எனக்கு எப்பிடி தெரியும்?"

துலுக்காணம் அதற்கும் வழி வைத்திருந்தார். தினமும் மத்தியானப் பூஜையை ஆசிரமம் நேரலையில் போடும். நம் ஊருக்கு அது சாயங்காலம். பூஜை முடிந்ததும் கேமரா அப்படியே சாப்பாட்டுக் கூடத்தைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டுத்தான் அணையும். "நான் வாளிய தூக்கிக்கினு கேமரா முன்னாடி வருவேன். கரண்டியால வாளி மேல ரெண்டு தட்டு தட்டுவேன். பஸ்ஸுல ஒரு விசிலுன்னா நிறுத்து, ரெண்டு விசிலுன்னா ரைட்டு. தெரியுமில்ல? ரெண்டு தட்டுனா நான் ரைட்டுன்னு அர்த்தம். நீ நிம்மதியா தையலப் பாரு."

அன்றிலிருந்து சரளாவின் சாயங்காலங்கள் அந்த இரண்டு தட்டுக்காகத்தான். மிஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொள்வாள். புரியாத பாஷையில் பஜனை நடக்கும். தலைக்கு மேல் விமானம் இறங்கும் சத்தத்தில் வீடே அதிரும்போது, தட்டு கேட்காமல் போய்விடுமோ என்று போனைக் காதோடு ஒட்டிக்கொள்வாள். வாளியோடு அவர் வருவார். கழுத்தில் வில்லை, முகத்தில் பெரிய மனுஷத்தனம். டங், டங். அவ்வளவுதான். பிறகு போய் அடுப்பைப் பற்றவைப்பாள். ராத்திரிச் சாப்பாடு அதற்கப்புறம்தான் இறங்கும்.

விரதம் பாதிக்கு மேல் போயிருந்தது. அன்றைக்கும் வந்தார். கரண்டி வாளியில் ஒரு தடவை பட்டது. அடுத்த தட்டுக்குள் கரண்டி கை நழுவித் தரையில் விழுந்தது. குனிந்தவர் எடுக்காமலே நிமிர்ந்தார். அண்டா கழுவும் பெண் ஓடிவந்து எடுத்துக் கொடுத்தாள். துலுக்காணம் கேமராவைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

சரளாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். விரதத்துக்கு நடுவே தன்னைப் பார்த்து ஒரு கள்ளச் சிரிப்பு! அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பரிதாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். பரிதாவும் "மாஷா அல்லாஹ், அண்ணன் மூஞ்சி என்னமா தெளிஞ்சிருச்சி" என்றாள். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து மறுபடியும் போட்டுப் பார்த்தாள். சிரித்த வாய் ஒரு பக்கம்தான் ஏறியிருந்தது. மறு பக்கம் தொங்கியது. கரண்டி நழுவிய கை அதன் பிறகு எழும்பவே இல்லை. ஒரே ஒரு தட்டு. ஒன்று என்றால் நிறுத்து.

அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

தோத்தாத்ரி சாருக்குப் போன் போட்டாள். அவரும் நேரலை பார்த்திருந்தார். "நீங்க பயப்படாதீங்கம்மா. மௌனத்துல உள்ள போகப் போக முகமே மாறிடும். எனக்கே பார்க்கறச்சே மெய் சிலிர்த்துது."

"இல்ல சார், வாய் கோணி கீது சார். கை வரல சார்."

"அங்க எல்லாரும் பக்கத்துலயேதானே இருக்கா? ஏதாவதுன்னா பார்த்துக்க மாட்டாளா?" நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவளுடைய பயத்தை ஆற்றுவதாகவே நினைத்தார். ஆசிரமத்துக்குச் செய்தி அனுப்புகிறேன் என்றார், அனுப்பவும் செய்தார். சேவகரின் மனைவி குசலம் விசாரிக்கிறார் என்று அனுப்பினார்.

பரிதாவின் மகள் கைனாத் பொத்தேரி காலேஜிலிருந்து வந்ததும் சரளா அவளைப் பிடித்துக்கொண்டாள். கைனாத் ஆசிரமத்து நம்பருக்கு அடித்தாள். ஆபீஸ் இரண்டு நாள் மூடியிருக்கும், அன்பும் அமைதியும் உண்டாகட்டும் என்று மிஷின் குரல் இங்கிலீஷில் சொன்னது. திரும்பத் திரும்ப அதையே சொன்னது. மெயில் போட்டாள். அந்த வீடியோவுக்குக் கீழே எழுதினாள். கீழே ஏற்கெனவே நூறு பேர் கூப்பிய கை படம் போட்டிருந்தார்கள்.

"பாப்பா, அந்த ஊரு போலீஸுக்கு சொல்லலாமா?"

"நம்பர் தேடிப் பாக்கறேன் ஆன்ட்டி" என்றாள் கைனாத். நம்பர் கிடைத்தது. இங்கிருந்து அடித்தால் போகவில்லை. பரிதாவின் புருஷன் ஹாஜா மைதீன் துபாயிலிருக்கும் தன் தம்பியைக் கூப்பிட்டு, ஜெர்மனியில் யாரையாவது தெரியுமா என்று கேட்டார். தம்பிக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் இருந்த ஊர் அந்தக் காட்டுக்கு ஒரு நாள் பயணம். பக்கத்து வீட்டு மனிதர்கள் கையில் என்னவெல்லாம் இருந்ததோ அத்தனையும் செய்து பார்த்தார்கள். ஒன்றும் அந்தச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போய்ச் சேரவில்லை.

மறுநாள் நேரலை ஆரம்பிப்பதற்கு முன்பே இரண்டு வீட்டாரும் மிஷினைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். திரை வெளிச்சமானது. துலுக்காணம் வாளியோடு வர வேண்டிய மூலையில் இல்லை. முன் வரிசையில், சுவாமிஜியின் பீடத்துக்குப் பக்கத்தில், நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்தது. அவர் பக்திப் பரவசத்தில் இருக்கிறாராம். மைக்கில் ஒருவர் இங்கிலீஷில் அதைத்தான் சொன்னார் என்று கைனாத் சொன்னாள். வரிசையில் வந்தவர்கள் அவர் முன்னால் கைகூப்பி, மடியில் ரோஜாப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். விரதக்காரரைத் தொடக் கூடாது. ஒருவர்கூடத் தொடவில்லை. கை சில்லென்று கிடக்கிறதே என்று ஒருவராவது தெரிந்துகொள்வதற்கு வழியில்லை.

"யோவ்!" என்று சரளா கத்தினாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள் கத்தினாள். "அய்யோ, அவர பாருங்களேன்! அது பக்தி இல்லீங்க! அவருக்கு இன்னாவோ ஆயிப்போச்சி! ஆராவது தொட்டுப் பாருங்களேன்!"

"ஆன்ட்டி, கத்துனா அவங்களுக்குக் கேக்காது ஆன்ட்டி" என்று கைனாத் அழுதுகொண்டே தன் போனில் தட்டினாள். ஜெர்மன் பாஷைக்கு மாற்றித் தட்டினாள்: நாற்காலியில் இருப்பவருக்கு உடம்பு சரியில்லை, டாக்டரைக் கூப்பிடுங்கள். அது திரையின் ஓரத்தில் ஏறியது. மேலே மேலே கூப்பிய கைகள் வந்து விழுந்து, அது கண்ணுக்கெட்டாமல் போனது. மறுபடி தட்டினாள். மறுபடி போனது. யாரோ ஒருவர் அதற்குப் பதில் போட்டார். பயப்படாதே, அவர் ஆனந்தத்தில் இருக்கிறார் என்று.

துலுக்காணத்தின் இடது கை மெல்ல எழுந்தது. நாற்காலிக் கைப்பிடியில் ஒரு தட்டு. சத்தம் கேட்கவில்லை, தபேலாவும் பஜனையும் அவ்வளவு உரக்க இருந்தன. கையைத்தான் பார்க்க முடிந்தது. ஒரு தட்டு. இன்னொரு முறை, ஒரே தட்டு. வாழ்நாளெல்லாம் ஒரு விசிலில் பஸ்ஸை நிறுத்திய மனிதர். அன்றைக்கு அவர் தட்டி எதுவும் நிற்கவில்லை. முன்னால் இருந்தவர்கள் அதைத் தாளம் என்று நினைத்து இன்னும் உற்சாகமாகக் கை தட்டினார்கள்.

பிறகு நாற்காலியிலிருந்து சரிந்தார். ரோஜாப் பூக்கள் தரையெல்லாம் சிதறின. யாரோ அலறினார்கள். திரை இருண்டு, நேரலை முடிந்தது என்று எழுத்து வந்தது. சரளா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் திரையைத் தேய்த்தாள். தேய்த்தால் கூடம் மறுபடி வந்துவிடும் என்பது போலத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பக்கவாதம். ஆசிரமத்து ஆபீஸிலிருந்து ஒரு பெண் பேசினாள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு, வந்து ஒரு நாளாகிவிட்டது, சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அந்தப் பெண்ணும் விம்மி விம்மி அழுதாள். "ஸாரி சொல்றாங்க ஆன்ட்டி. நெறைய தடவ சொல்றாங்க" என்றாள் கைனாத். சரளாவுக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அடித்துப் போட்டிருந்தால் திட்டலாம். இவர்கள் பூ வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

சில வாரங்கள் அங்கே ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, ஒரு சேவகர் துணையோடு அனுப்பிவைத்தார்கள். ஹாஜா மைதீன் வண்டியில்தான் சரளா விமான நிலையம் போனாள். சக்கர நாற்காலியில் அதே கம்பளிக் குல்லாவோடு வந்தார். வலது பக்கம் முழுக்க ஓய்ந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. "பேசாதய்யா, பேசாத" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழ, சரளா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தோத்தாத்ரி சாரும் சத்சங்கத்துக்காரர்களும் பழத்தட்டோடு வந்தார்கள். மடக்கும் கட்டிலும் மெத்தையும் அவர்கள்தான் முந்தின நாளே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து துலுக்காணத்தின் காலைத் தொட்டார்கள். அசையாத காலையும் சேர்த்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"சுவாமிஜி சொல்லியனுப்பியிருக்கார்மா" என்றார் தோத்தாத்ரி, குரல் தழுதழுக்க. "விரதம் பூர்த்தியாகறதுக்கு முன்னாடி இது வந்துடுத்து பாருங்கோ. அதனால இவரோட மௌனம் முடியலை. தொடர்றதுன்னு. இந்த ஆத்துல, மன்னிச்சுக்கணும், இந்த வீட்டுல ஒரு மகான் இருக்கார்னு நினைச்சுக்கோங்கோ."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படியே நம்பினார். அதுதான் சரளாவுக்குத் தாங்கவில்லை. மகான் இல்லை சார், என் புருஷன் சார், கீரைக்காரம்மாவிடம் மல்லுக்கு நின்ற மனுஷன் சார் என்று தொண்டைவரைக்கும் வந்தது. அவர்கள் போட்ட கட்டில், அவர்கள் கொண்டுவந்த பழம், அவர்கள் கண்ணிலும் தண்ணீர். "காபி சாப்பிட்டுட்டு போங்க சார்" என்றாள்.

கட்டிலில் இருந்தவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அந்தக் கண்ணில் மௌனம் எதுவும் இல்லை. நூறு பேச்சு முட்டிக்கொண்டு நின்றது. ஃபுட்போர்டில் தொங்கும் கூட்டத்தைப் போல.

எல்லோரும் போன பிறகு சரளா கஞ்சியைக் கரைத்து ஸ்பூனால் ஊட்டினாள். பாதி வாய்க்குள் போனது, பாதி வழிந்தது. துடைத்தாள். அடுத்த ஸ்பூன் எடுக்கும்போது அவர் இடது கையால் அந்த ஸ்பூனை வாங்கி, பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரில் தட்டினார். டங். ஒரு தட்டு.

"இன்னாய்யா? நிறுத்தணுமா? போதுமா?" கஞ்சியைத் தள்ளி வைத்தாள்.

டங்.

ஃபேனை நிறுத்தினாள். வேர்த்தது. மறுபடி போட்டாள். டங். தோத்தாத்ரி சார் ஓடவிட்டுப் போயிருந்த பஜனையை அணைத்தாள். முதுகுக்கு முட்டுக் கொடுத்த தலையணையை எடுத்துப் பார்த்தாள். ஜன்னலைச் சாத்தினாள். டங். "எத்த நிறுத்தச் சொல்றே? எனக்குப் புரியலியேய்யா" என்று அவர் முகத்தின் பக்கத்தில் குனிந்தபோது, அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அந்த ஒரு கையை உயர்த்தி அவள் கன்னத்தைத் தொட்டார். ஈரமாக இருந்தது. விருந்தாளிகள் இருந்தபோதிலிருந்தே அழுதுகொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

துலுக்காணம் ஸ்பூனை எடுத்து மறுபடியும் டம்ளரில் ஒரு தட்டுத் தட்டினார். சரளா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். தலைக்கு மேலே விமானம் ஒன்று இறங்கிப் போனது. அவர் தட்டிக்கொண்டே இருந்தார். அவளால் நிறுத்த முடியவில்லை.